ஒரு விரற்கடை

“ஏமாத்திட்டீங்க அம்மிணி!”

சபாபதி சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே கத்தினான்.

சுகந்தி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“யாருங்கண்ணா ஏமாத்தினது? நானா, சைக்கிளா?”

“ரெண்டு பேருந்தான்!”

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கோத்தகிரி ரோடு மலையேறத் தொடங்கும் இடத்தில் இருந்தது சுகந்தியின் தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவள். இப்போது மற்றவர்களைப் பழக்குகிறாள். சபாபதியைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் சைக்கிள் விஷயத்தில் அவள் சொல்லுக்கு அவனிடம் அப்பீல் கிடையாது. மற்ற விஷயங்களில் அவன் யார் பேச்சையும் கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

சபாபதிக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அதை இறக்கி வைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் மலை. விடிந்ததும் குஞ்சப்பனை வரை மிதித்து ஏறி, சர்ரென்று இறங்கி வந்தால் அன்றைக்கு மனிதனாக இருப்பான். சைக்கிள் எடுக்காத நாளில் அவன் மனைவி குழம்பில் உப்புச் சரியா என்றுகூடக் கேட்கமாட்டாள்.

அந்தச் சைக்கிள்தான் போன மழைக்காலத்தில் விரிசல் விட்டது. நீல நிற ஃபிரேம், இரும்புக் குழாய். பற்றவைத்து ஓட்டினால் மலையில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அதே மாதிரி ஒரு ஃபிரேமைத் தேடி அலைகிறான். பழைய ஃபிரேமுக்குக் கம்பெனி வெளியிட்ட அளவுகள் அவனுக்கு மனப்பாடம். எந்தக் குழாய் எவ்வளவு நீளம், எவ்வளவு சாய்வு, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வேண்டாம் என்றான். அப்படிச் சல்லடை போட்டுத் தேடி வாங்கியது இது. மூன்றாவது ஃபிரேம்.

“நீங்கதான வாங்கச் சொன்னீங்க?”

“நீங்க கேட்ட அளவு இதுல இருக்குதுன்னு சொன்னேன்.”

“இருக்குது! எல்லாம் அப்படியே இருக்குது! பாருங்க!” செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். “அப்புறம் ஏன் அது மாதிரி ஓட மாட்டேங்குது?”

“ஓட்டினா என்ன பண்ணுது?”

“முன் சக்கரம் எனக்கு முன்னாடி எங்கியோ தனியாப் போகுது. திரும்புன்னா யோசிச்சுட்டுத் திரும்புது. நேத்து வளைவுல எதுக்கால பஸ்ஸு. செத்திருப்பேன்.”

“பயந்துட்டீங்களா?”

“கோவம் வந்துச்சு!”

“உங்களுக்கு எது வந்தாலும் கோவமாத்தானுங்கண்ணா வருது.”

சபாபதி பல்லைக் கடித்தான்.

“இன்னிக்கு எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. என் பழைய சைக்கிள் மாதிரி இன்னொண்ணு எங்க கிடைக்கும்? கிடைக்காதுன்னா சொல்லிடுங்க. இன்னையோட சைக்கிளைத் தலைமுழுகிடறேன்.”

சொல்லி முடித்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரில் சாய்த்தான். அவன் வெறுமனே மிரட்டவில்லை என்று சுகந்திக்குத் தெரிந்தது. எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள்.

“பழசை எடுத்துட்டு வாங்க.”

“அதுதான் உடைஞ்சு போச்சே!”

“உடைஞ்சதைத்தான் கேக்கறேன்.”

ஒரு மணி நேரத்தில் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கினான். சக்கரம், செயின், பெடல் எதையும் கழற்றாமல் பழைய சைக்கிளை இத்தனை மாதமும் படுக்கையறையிலேயே நிறுத்தி வைத்திருந்தான். ஆட்டோக்காரரைத் தொடவிடாமல் தானே இறக்கினான்.

“வாங்கின அன்னைக்கே இது பிடிச்சுப் போச்சுங்களா?”

“இல்ல. புதுசுல மாட்டு வண்டி கணக்காத்தான் இருந்துச்சு. வித்துடலாமான்னுகூட நினைச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் விழுந்தேனில்ல.” சபாபதியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “அந்த நாயி என்னையத் தள்ளிவுட்டான்ல.”

அவன் சொன்னது வெள்ளிங்கிரியை. பள்ளிக்கூட நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே ரோட்டில் ஒன்றாக மிதித்தவர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் காலையில் கோத்தகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன வெள்ளிங்கிரி திடீரென்று பிரேக் பிடித்தான். பின்னால் ஒட்டிக்கொண்டே வந்த சபாபதி நேராக அவன் சைக்கிளில் போய் முட்டினான். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

வெள்ளிங்கிரி ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். கட்டிலில் கிடந்தபடியே சபாபதி “வெளிய போடா” என்றான்.

நசுங்கிப் போன முன் சக்கரத்துக்குப் பதிலாக வெள்ளிங்கிரி தன் சக்கரத்தையே கழற்றி மாட்டிச் சைக்கிளை அனுப்பி வைத்தான். சபாபதி அந்தச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பியனுப்பினான். அதோடு சரி. இன்றைக்கும் வெள்ளிங்கிரி எதிரே வந்தால் சபாபதி தெருவை மாற்றிக்கொள்வான். அவன் பெயரை வாயால் சொல்வதில்லை.

“தோள் ஆறி மறுபடி ஓட்டினப்பத்தான் சைக்கிள் கைக்கு வந்துச்சு,” என்றான் சபாபதி. “கண்ணு பாக்கற இடத்துல போய்த் திரும்பும். அதுக்கப்புறம் நான் இன்னொரு சைக்கிளை ஏறெடுத்துப் பாக்கல.”

“எலும்பு முறிஞ்சது உங்களுக்கு. சைக்கிள் எப்படி நல்லாச்சு?”

“எனக்கு நிதானம் வந்துச்சு. அதுதான்.”

சுகந்தி சிரித்துவிட்டாள்.

“எதுக்குச் சிரிக்கறீங்க?”

“ஒண்ணுமில்லீங்கண்ணா. நிதானம்னீங்க.”

அவள் கொட்டகைக்குள் போய் ஒரு நூல்கண்டை எடுத்து வந்தாள். புதுச் சைக்கிளில் பெடல் சுழலும் அச்சின் நடுவில் நூலின் ஒரு முனையை வைத்துப் பிடித்தாள். முன் சக்கரத்தின் நடு அச்சு வரை இழுத்து, அங்கே அறுத்தாள். அந்தத் துண்டை அவன் கையில் கொடுத்தாள்.

“பழசுல வெச்சுப் பாருங்க.”

சபாபதி வைத்துப் பார்த்தான். நூல் தொய்ந்தது. இழுத்துப் பிடித்தான். ஒரு விரற்கடை நூல் மிச்சமாகத் தொங்கியது.

“நீங்க சரியா வெட்டல.”

“நீங்களே வெட்டுங்க.”

வெடுக்கென்று நூல்கண்டைப் பிடுங்கினான். புதுச் சைக்கிளில் தானே அளந்தான், தானே அறுத்தான். பழையதில் வைத்தான். அதே ஒரு விரற்கடை தொங்கியது.

நூலைத் தரையில் வீசினான். பிறகு வெடித்தான்.

“கம்பெனிக்காரன் பொய் சொல்லியிருக்கான்! இத்தனை வருஷம் தப்பான அளவைப் போட்டு ஊரையே ஏமாத்தியிருக்கான்! அதை நம்பி நான் மூணு ஃபிரேம் வாங்கியிருக்கேன்! விடமாட்டேன், கோர்ட்டுக்குப் போவேன்!”

கத்தி ஓயட்டும் என்று சுகந்தி காத்திருந்தாள். ஓயவில்லை. அவள் பாட்டுக்குப் பழைய சைக்கிளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஹேண்டில்பாருக்குக் கீழே தொடங்கிப் பெடலை நோக்கிச் சரியும் குழாயின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். அங்கே வெளுத்துப் போன ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில்தான் விரிசல் எட்டிப் பார்த்தது.

“இதை யாருங்கண்ணா ஒட்டினது?”

“நான்தான். விழுந்தப்ப அங்க பெயின்ட் தெறிச்சிருந்துச்சு. பாக்கப் பாக்க எரிச்சலா இருந்துச்சு, ஒட்டி மறைச்சேன்.”

“எடுங்க.”

“எதுக்கு?”

“நீங்க ஒட்டினது. நீங்களே எடுங்க.”

நகத்தால் சுரண்டி எடுத்தான். சுகந்தி அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, குழாயின் கீழ்ப்பக்கத்தில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள்.

வழவழவென்று போன விரல் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஏறி இறங்கியது. அங்கே இரும்பு மடிந்து புடைத்திருந்தது. அந்தப் புடைப்பின் உச்சியிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது.

“முட்டினதுல முன்பக்கம் ஒரு விரற்கடை உள்ள வந்திருக்குது,” என்றாள். “கம்பெனி பொய் சொல்லலீங்கண்ணா. நீங்க இத்தனை வருஷம் ஓட்டினது கம்பெனி போட்ட அளவுல இல்ல.”

சபாபதி எழுந்தான். கண்கள் சிவந்திருந்தன. பக்கத்தில் இருந்த தகரக் கதவை ஓங்கி ஓர் உதை விட்டான். கொட்டகையே அதிர்ந்தது.

“அப்ப இந்த மாதிரி ஃபிரேம் உலகத்துலயே கிடைக்காதுன்னு சொல்லுங்க! அதைச் சொல்ல இத்தனை நேரமா?”

“கிடைக்குமே.”

“எங்க?”

அவள் புதுச் சைக்கிளை உருட்டி வந்து அவன் கையில் கொடுத்தாள்.

“இதேதான். இன்னும் வேலை முடியல, அவ்வளவுதான். கோத்தகிரிக்குக் கொண்டு போய்க் கீழ இறக்குங்க. முன்னால வெள்ளிங்கிரி அண்ணன் போகணும்.”

சொல்லிவிட்டுப் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டாள்.

சபாபதி புதுச் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபடி பழையதன் பக்கத்தில் உட்கார்ந்தான். புடைப்பைத் தொட்டான். விரலை எடுக்கவில்லை. ரோட்டில் ஒரு பஸ் கியர் மாற்றி முனகிக்கொண்டு மலையேறிப் போனது.

“அம்மிணி.”

“சொல்லுங்கண்ணா.”

“அன்னைக்கு வெள்ளிங்கிரி எதுக்கு பிரேக் போட்டான்?”

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“அதை என்கிட்டயா கேக்கறீங்க?”