நெடுங்கல்லைச் சுற்றிய புல்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசினால் மனிதர்களுக்குப் புரியும். காது கொடுப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஸ்காட்லாந்தின் வடக்கே கில்டோரன் என்று ஒரு சின்ன ஊர். பதினோரு வீடுகள், ஓர் ஓடை, எந்தக் காலத்து மனிதர்களோ நட்டுவைத்த ஏழு நெடுங்கற்கள், அவ்வளவுதான். அதில் ஒரு கல் டூகல் என்ற குடியானவனின் ஓட்ஸ் வயலில் நின்றது. அதன் அடியில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

அந்த வருடம் டூகலுக்கு ஒரு சாண் நிலத்தைக்கூட விட மனமில்லை. முட்டைகளுக்கு மட்டும் ஒரு முழம் விட்டுவிட்டு, கல்லை ஒட்டியே ஏர் ஓட்டினான். கொழுவில் தட்டுப்பட்ட சின்னக் கற்களைப் பிடுங்கி வேலிச் சுவரில் அடுக்கினான்.

"அதையெல்லாம் எடுக்காதே டூகல்! பெரிய கல் நிற்பதற்காக இறுக்கி வைத்தவை அவை. சாய்ந்துவிடும்" என்றது குருவி.

"உன் முட்டைக்குத்தான் ஒரு முழம் விட்டிருக்கிறேனே. இன்னொரு முழத்துக்கு அடிபோடுகிறாயா?"

"முட்டைக்கும்தான் பயப்படுகிறேன். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?"

டூகல் சிரித்தான்.

மதியம் அவன் மனைவி மார்சலி கைக்குழந்தையோடு ரொட்டி கொண்டுவந்தாள். காற்றுக்கு மறைவாகக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கல் மெல்ல அசைவதைக் குருவி பார்த்துவிட்டது.

"எழுந்திரு மார்சலி!"

"தொடங்கிவிட்டாயா?" என்றாள் அவள். குருவி நிலத்துக்கு அடிபோடுகிறது என்று டூகல்தான் ஏற்கெனவே சொல்லியிருந்தானே.

இனிப் பேசிப் பயனில்லை. குருவி முட்டைகளை விட்டு எழுந்தது. ஒரு சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்து, கத்திக்கொண்டே நொண்டி ஓடியது. மார்சலி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். இரக்கத்தில் ஓடினாளா, குருவி சூப்பு ஆசையில் ஓடினாளா என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை.

பத்தடி போயிருப்பாள். கல் விழுந்தது.

அவள் உட்கார்ந்திருந்த இடத்திலும், முட்டைகள் இருந்த அந்த ஒரு முழத்திலும் விழுந்தது.

மறுநாள் ஊரே கூடிக் கல்லை நிமிர்த்தியது. வேலியில் அடுக்கிய கற்களையெல்லாம் டூகல் தன் கையாலேயே திரும்ப இறுக்கினான். "மன்னித்துவிடு. என்ன வேண்டும், கேள்" என்றான். குருவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. டூகல் ஏரைத் திருப்பி, கல்லிலிருந்து பத்தடி தள்ளி உழத் தொடங்கினான்.

அன்று முதல்தான் கில்டோரனில் ஏர்கள் நெடுங்கல்லுக்குப் பத்தடி முன்பே வளைந்து திரும்புகின்றன. சுற்றிலும் உள்ள புல்லை யாரும் உழுவதில்லை. அன்று முதல்தான் ஆள்காட்டியும் பேச்சை விட்டுவிட்டு, ஆளைக் கண்டால் கத்திக்கொண்டு சிறகை இழுத்து ஓடுகிறது. முட்டைக்காக நடிக்கிறது என்பார்கள் வெளியூர்க்காரர்கள். கில்டோரன்காரர்களோ கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அதன் பின்னால் பத்தடி நடந்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.