வாகனப் பணி செய்த சென்னியப்பர்

கரூர்ப் பட்டறைத் தெருவில், பெட்டிக்கடை அளவு இடத்தில், சென்னியப்பர் என்னும் அடியார் கார்களில் மங்கிப்போன கம்பெனிச் சின்னங்களான எம்பளங்களைப் பெயர்த்து மெருகேற்றி ஒட்டியும், கதவுப் பூட்டைச் சுற்றிய தகடுகளை மாற்றியும் பிழைத்து வந்தார். எந்தக் காரையும் அவர் கார் என்று சொன்னதில்லை; வாகனம் என்பார். ஈசன் ஏறுவது ரிஷபம், அடியார் ஏறுவது இது, இரண்டும் வாகனந்தானே என்பது அவர் கணக்கு. பழைய எம்பளத்தின் பின்னால் நூலை விட்டுப் பசையை அறுக்கும்போது இழுப்புக்கொரு முறை ‘சிவாயநம’ என்பார்.

பக்கத்துப் பெயின்ட்கடை வெள்ளியங்கிரிக்கு வாய் சும்மா இராது. “ஏனுங்க சாமி, உங்க வாகனம் புண்ணாக்குத் திங்குமா, பெட்ரோல் குடிக்குமா?” என்பார். தெருவே சிரிக்கும், சென்னியப்பரும் சேர்ந்து சிரிப்பார். நமக்குத்தான் அவருக்காகக் கோபம் வருகிறது.

அவருக்கு ஆசை ஒன்றே. பங்குனித் திருவிழாவில் ரிஷபத்தின் மேல் வரும் ஈசனை ஆண்டுக்கொருமுறை அருகில் நின்று பார்த்துவிட வேண்டும். அந்த ஆண்டு ரிஷபம் வரும் நாளின் காலையில் குளித்துக் கிளம்பும் நேரம், டாக்ஸி ஓட்டும் மயிலாத்தாள் வந்து நின்றாள். டாக்ஸிக் கதவுப் பூட்டின் விளிம்புத் தகடு உடைந்து துருத்திக்கொண்டிருந்தது.

“ஏறுற பிள்ளைக விரலக் கிழிச்சுப்போடுதுங்ணா. இப்பவே சவாரி போகோணும். நீங்க சாமி பாக்கக் கெளம்பிட்டீங்களாட்ட இருக்குது.”

“வாகனம் வாசலுக்கு வந்துருச்சே அம்மணி. உட்டுப்போட்டு எங்க போறது?”

உடைந்ததைக் கழற்றிப் புதிய தகட்டை ஒட்டினார். பசை பிடிக்கும்வரை கட்டைவிரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் தகடு நழுவிவிடும். அழுத்தியபடி நிற்கையில் தெருமுனையில் நாகசுரம் கேட்டது. தேர்வீதியில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்ததால் சுவாமி இந்த வழியே வந்தார். எல்லாரும் ஓடினார்கள். முதுகுக்குப் பின்னால் ஈசன். விரலடியில் காயாத பசை. அடியாருக்குக் கண் கலங்கியது, விரல் அசையவில்லை.

நாகசுரம் சட்டென்று நின்றது. பசை பிடித்ததும் திரும்பினார். அவர் கடைவாசலிலேயே, சுவாமியை இழுத்துவரும் சகடை வண்டியின் மேல் ரிஷபம் நின்றது. அதன் வெள்ளி நெற்றிப்பட்டம் ஒரு பக்கம் கழன்று தொங்கிற்று.

“வாகனத்துல பட்டம் விழப்போறது. ஒட்டித் தரேளா?” என்றார் குருக்கள்.

வெள்ளியங்கிரிதான் ஓடிப்போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். “ஏறுங்க சாமி, நான் புடிச்சுக்கறேன்.”

‘சிவாயநம’ என்று ஒட்டி, ரிஷபத்தின் நெற்றியில் கட்டைவிரலை அழுத்தி நின்றார் சென்னியப்பர். கைக்கெட்டும் தூரத்தில் ஈசன் திருமுகம். அடியாரால் வர முடியவில்லை என்று தன் வாகனத்தைப் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டான் பெருமான். வரிசையில் நிற்கும் நமக்கெல்லாம் கற்பூரம் எரியும் நேரம்தான் தரிசனம். பசை பிடிக்கும் நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே நின்ற அந்தப் புண்ணியவானின் விரலுக்கும் நம் வணக்கம்.