முதல் கவளம்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. யார் சோறு கொண்டுவந்தாலும், முதல் கவளத்தை அவரே எல்லார் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்கு. மந்திரி வீட்டுச் சோறானாலும் அப்படித்தான்.

மடத்தின் குரு ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. அவருடைய சீடப்பெண் குயிலி பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரியில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. மறுநாள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும்.

அன்று மதியம் வெல்டிங் பட்டறை முதலாளி பொன்னுசாமி ஓர் அண்டா தக்காளி சாதத்தோடு வந்தார். வழக்கப்படி ஒரு கவளம் சாப்பிட்டார். கை கழுவும்போது குயிலிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி அவர் காதில் விழுந்தது.

பட்டம் வாங்கியவர்கள் தம் பட்டறை வாசலில் வேலை கேட்டு நிற்பதாகச் சொன்னார். வெல்டிங் தெரிந்தவன் ஒருவன்கூடச் சும்மா இல்லை என்றார். பயிற்சிக்குத் தாமே அனுப்புவதாகவும், முடித்த கையோடு வேலை தருவதாகவும் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை.

"மூணு வருசத்தை எதுக்கு அம்மணி வீணாக்கற?"

குயிலி குழம்பிப் போய்க் குருவிடம் வந்தாள். கல்லூரியா, வெல்டிங்கா, எது உருப்படியானது என்று கேட்டாள்.

குரு ஒரு வாழையிலையை எடுத்துவந்து பொன்னுசாமியின் முன் விரித்தார்.

"இப்பத்தானே சாப்பிட்டேனுங்க" என்றார் அவர்.

"அது தக்காளி சாதத்துக்கு. இப்ப ஒரு யோசனையும் கொண்டுவந்திருக்கீங்க. உங்க பையனும் இந்த வருஷம்தானே பிளஸ் டூ?"

"ஆமாங்க. இன்ஜினியரிங் சேர்ந்தாச்சு."

"வெல்டிங்குக்கு அனுப்பலையா?"

பொன்னுசாமி சிரித்தார். "அவன் கதை வேறங்க."

"எப்படி வேற?" என்று கேட்டாள் குயிலி.

அவர் காலி இலையை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு பட்டறைக்கு லோடு வருகிறது என்று சொல்லி எழுந்து போனார்.

குயிலிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பட்டம் வீண் என்று சொல்கிற வாயெல்லாம் பட்டம் வாங்கிய வாய்தான் என்றாள். இல்லையென்றால் தன் பிள்ளைக்குச் சத்தமில்லாமல் வாங்கிக் கொடுக்கிற வாய். நெருப்புக்கு முன்னால் நிற்க மட்டும் ஊரார் பிள்ளையா என்றாள். இன்னும் நிறையச் சொன்னாள்.

"நான் காலேஜுக்கே போறேம்மா. அவர் இலையில கை வைக்காததுலயே தெரிஞ்சுபோச்சே."

குரு அந்தக் காலி இலையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவருக்குப் பசியில்லைன்னு தெரிஞ்சுது. உனக்கு எதுக்குப் பசின்னு நீ இன்னும் சொல்லவே இல்லையே."