செங்கழுத்தி குடிக்காத மருந்து

ஒரு காட்டில், ஓடைக்கரைப் புதர் ஒன்றில், செங்கழுத்தி என்ற வான்கோழி தன் குஞ்சுகளோடு வாழ்ந்துவந்தாள். அவள் வாய் ஓயாமல் பேசுவாள். பேச்செல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான்.

"நானே அடைகாத்தேன். நானே சிறகுக்குள் வைத்து வளர்க்கிறேன். நான் கிளறிக் கொடுப்பதைத்தான் தின்கிறார்கள். வயிற்றைப் பாருங்கள், எப்படித் திரண்டிருக்கிறது!" என்று வழியில் போகிற முயலைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்வாள்.

வயிறு திரண்டிருந்தது உண்மைதான். ஆனால் குஞ்சுகளின் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சிறகுகள் தொங்கின. குன்றி என்ற கடைக்குட்டி ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. தாய் கூப்பிட்டபோது கண்ணை மட்டும் திறந்து மூடினாள்.

செங்கழுத்தி பதறிப்போய் வைத்தியரை அழைத்து வந்தாள். கருக்காண்டி என்ற முள்ளம்பன்றிதான் அந்தக் காட்டுக்கு வைத்தியர். அவர் குன்றியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எச்சத்தையும் கிளறிப் பார்த்தார்.

"வயிற்றில் புழு" என்றார்.

"புழுவா? என் பிள்ளைகளுக்கா? அவர்கள் என்னை விட்டு எங்கும் போனதே இல்லையே, வைத்தியரே!"

"அதனால்தான் வந்திருக்கிறது. உன் வயிற்றிலும் புழு உண்டு. உன் எச்சத்தோடு அதன் முட்டை மண்ணில் விழுகிறது. அந்த மண்ணைக் கிளறித்தானே இவர்களுக்கு ஊட்டுகிறாய்? உன் உடம்பு தாங்குகிறது, இவர்களுக்குத் தாங்கவில்லை."

கருக்காண்டி குப்பைமேனி இலையையும் பாகல் இலையையும் நசுக்கித் தொன்னை நிறையச் சாறு பிழிந்தார்.

"பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வாய். மிச்சம் முழுவதும் உனக்கு. குடித்துவிட்டு, மேட்டில் இருக்கும் காய்ந்த தரைக்குக் குடிபோங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செங்கழுத்தி குஞ்சுகளை வரிசையாக நிறுத்தினாள். "கசக்கிறதா? என் பிள்ளைகள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கலாமா? ம், விழுங்கு!" என்று அதட்டி அதட்டிக் கொடுத்தாள். தன் முறை வந்ததும் தொன்னையை முகர்ந்தாள். கழுத்துத் தோல் சிலிர்த்தது. குஞ்சுகள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், மருந்தைப் புதருக்கு அடியில் கொட்டிவிட்டாள்.

மேட்டுக்குப் போனதும் குஞ்சுகள் தேறின. குன்றி வெட்டுக்கிளிகளைத் துரத்தத் தொடங்கினாள். ஆனால் சில வாரங்களில் சிறகுகள் மறுபடி தொங்கின. குன்றி மறுபடி படுத்துவிட்டாள்.

செங்கழுத்தி குன்றியை முதுகில் சுமந்துகொண்டு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனாள்.

"உங்கள் மருந்தும் ஒரு மருந்தா? எல்லோரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்!" என்று கத்தினாள்.

"அப்படியா? பார்த்துவிடலாம். இந்தச் சாறு குடித்தவர்களின் நாக்கில் பச்சைக் கறை படியும். மாதக் கணக்கில் போகாது. எல்லோரும் வாயைத் திறங்கள்" என்றார் கருக்காண்டி.

குஞ்சுகள் அத்தனையும் 'ஆ' என்று அலகைத் திறந்தன. படுத்திருந்த குன்றிகூடத் திறந்தாள். செங்கழுத்தி மட்டும் அலகை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"செங்கழுத்தி, உன் நாக்கு?"

"ம்ம்" என்றாள் அவள், மூக்கால்.

"என்ன இது? உன் வாய் மூடி நான் பார்த்ததே இல்லையே!"

"ம்ம்ம்!"

"அம்மா, வாயைத் திற. அவர் பார்க்க மட்டும்தான் போகிறார், ஒன்றும் செய்ய மாட்டார்" என்று குன்றி ஈனக்குரலில் தைரியம் சொன்னாள்.

அதைக் கேட்டதும் செங்கழுத்தியின் கண் கலங்கியது. "நான் குடிக்கவில்லை. கசக்கும் என்று கொட்டிவிட்டேன்" என்றாள் மெல்ல.

"கறை ஒன்றும் படியாது. உன் வாயிலிருந்தே வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்" என்று சிரித்தார் கருக்காண்டி.

அவர் புதிதாகச் சாறு பிழிந்து தந்தார். இந்த முறை முதலில் குடித்தவள் செங்கழுத்தி. கண்ணை மூடி, கழுத்தை நெளித்து, சிறகை உதறி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அவள் விழுங்கியதைப் பார்த்துக் குஞ்சுகள் விழுந்து விழுந்து சிரித்தன. பிறகு தாங்களும் குடித்தன. எல்லோரும் வேறு ஒரு சுத்தமான தரைக்குக் குடிபோனார்கள்.

மழைக்காலம் வருவதற்குள் குன்றி நன்றாகத் தேறி, மரக்கிளையில் பறந்து ஏறி உறங்கப் பழகிவிட்டாள்.

நீதி: பிள்ளைகளுக்கு ஊட்டும் கசப்பைப் பெரியவர்கள் முதலில் தாங்கள் விழுங்க வேண்டும்.