மார்பளவு நீரில் சொல்லும் சொல்

ஏரியையும் குளத்தையுமே செல்வமாகக் கொண்ட செங்காவி நாட்டைப் பண்டொரு காலத்தில் பரிதிவளவன் என்னும் அரசன் ஆண்டு வந்தான். கொடுப்பதில் அவன் மழையை ஒத்தவன். கொடுத்தது எங்கே விழுந்தது என்று திரும்பிப் பாராததிலும் மழையை ஒத்தவனே. குளம் வெட்டுகிறேன் என்று எவர் வந்து நின்றாலும், அவர் கையில் நீர் வார்த்துப் பொற்கிழியை அளித்துவிடுவான். அதன்பின் குளம் உண்டா இல்லையா என்று கேட்பாரில்லை.

ஒருநாள் அமைச்சர் பெருங்கண்ணர் அவையில் எழுந்தார்.

"அரசே, கொடை பெற்றவர்கள் அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். இதைச் சட்டமாக்குங்கள்."

வேழவராயர் என்னும் பிரபு துள்ளி எழுந்தார். எல்லோரினும் மிகுதியாகக் கொடை பெற்றவர் அவரே. மேலைக்குறிச்சியில் குளம் வெட்டுவதாகப் பெருங்கிழி வாங்கியிருந்தார். அமைச்சரின் விரலில் மின்னிய முத்திரை மோதிரத்தின்மீதும் அவருக்கு நெடுநாளாகக் கண்.

"கொடுத்த கையே கணக்குக் கேட்பதா? அது வட்டிக்கடை வழக்கம், மன்னர் வழக்கமன்று! விருந்தாளி உண்ட கவளத்தையும் நாளை எண்ணச் சொல்வீர் போலும்!"

"விருந்தாளி தமக்காக உண்கிறார், ராயரே. நீர் ஊருக்காக வாங்கினீர். ஊர் உண்டதா என்றுதான் கேட்கிறேன்."

அரசன் தாடையைச் சொறிந்தான். காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக மாறுவது அவன் இயல்பு.

"அமைச்சரே, ஒரு வாய்ப்புத் தருகிறேன். ஓலை கூடாது, ஒற்றன் கூடாது, எவரையும் நீர் கேள்வி கேட்டுக் குடையவும் கூடாது. அப்படியொரு வழி உண்டானால் செய்து காட்டும். அதில் ஒரு பொய்யும் வெளிப்படாவிட்டால் உமது மோதிரம் ராயர் விரலுக்குப் போகும். நீர் ஆடு மேய்க்கப் போகலாம்."

ராயர் தம் விரலை ஆசையோடு தடவிக்கொண்டார்.

"ஒரு விழா போதும், அரசே," என்றார் அமைச்சர். "நீர் வார்த்துப் பெற்ற கொடைக்கு நீரில் நின்று சொல் கொடுப்பதே முறை. தை மாதத்தில் குளங்கள் நிறைந்திருக்கும். கொடை பெற்ற ஒவ்வொருவரும் தாம் வெட்டிய குளத்தின் நடுவே மார்பளவு நீரில் நிற்கட்டும். பெற்றது என்ன, செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்பதைக் கரையிலுள்ள ஊராருக்குச் சொல்லட்டும். மேளமும் மாலையும் அரண்மனைச் செலவு."

மாலை என்ற சொல்லைக் கேட்டதுமே ராயரின் கழுத்து நீண்டது. "சிறந்த யோசனை!" என்று அவரே முதலில் கைதட்டினார்.

தை பிறந்தது. அரசனும் அவையோரும் கரையில் நிற்க, கீழைக்குறிச்சியில் நல்லநங்கை என்னும் வணிகப் பெண் தான் வெட்டிய சிறு குளத்தில் இறங்கி, மார்பளவு நீரில் நின்றாள்.

"பெற்றது ஒரு சிறு கிழி. வெட்டிய குளம் உங்கள் கண்முன் இருக்கிறது. கீழ்க்கரைக்குக் கல் பாவுவதாகச் சொன்னேன், பாவவில்லை. கல்லுக்கு வைத்த பணம் ஊற்றுக்கண் தோண்டுவதில் போயிற்று. குறை என்னுடையது."

கரையிலிருந்து ஒருவன் கூவினான்: "ஊற்றுக்கண் கொடுத்தீர்களே, தாயே! கல்லை நாங்கள் சுமக்கிறோம்!"

அரசன் வியந்து, கல்லும் வண்டியும் கொடுக்க ஆணையிட்டான். ராயர் ஏளனமாகச் சிரித்தார். "குறை சொல்லவா ஒரு விழா? நாளை மேலைக்குறிச்சிக்கு வாருங்கள், நிறைவைக் காட்டுகிறேன்."

மறுநாள் மேலைக்குறிச்சியில், கரைக்குக் கரை நீர் வெயிலில் பளபளத்தது.

"கடல்போல் அல்லவா இருக்கிறது!" என்றான் அரசன். "அமைச்சரே, மோதிரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளும்."

அமைச்சர் மறுபேச்சின்றிக் கழற்றினார்.

பட்டாடையோடும் மாலையோடும் ராயர் நீருக்குள் நடந்தார். நடக்க நடக்க அவர் உயரம் குறைந்துகொண்டே வந்தது. நடுவை அடைந்தபோது நீர் சரியாக மார்பில் நின்றது.

"பெற்றது பெருங்கிழி! செய்தது பெருங்குளம்! செய்யாமல் விட்டது ஏதுமில்லை!"

மேளம் முழங்கியது. அந்நேரம் ஊர் எருமையொன்று, வழக்கம்போல் கரையிறங்கி, அசைபோட்டவாறே நடந்து, ராயரின் பக்கத்தில் போய் நின்றது. நீர் அதன் முழங்காலைக்கூடத் தொடவில்லை.

"ஐயா!" என்று ஒருத்தி கரையிலிருந்து குரல் கொடுத்தாள். "எருமைக்கு முழங்கால் எட்டாத தண்ணீர் உமக்கு மட்டும் மார்புக்கு ஏறுமோ?"

மேளம் நின்றது. அரசன் புருவத்தை நெரித்தான். "ராயரே, எழுந்து நில்லும்."

"தங்கள் திருமுன் நிமிர்ந்து நிற்பது பணிவாகாது, அரசே!"

"இத்தனை ஆண்டுகளாக வராத பணிவு, தண்ணீருக்குள்தான் வந்ததா? எழும்!"

ராயர் எழுந்தார். இடுப்புவரை சேறு; நீரோ முழங்காலுக்குக் கீழே. சிரிப்பொலியில் கரையே அதிர்ந்தது. எருமை மட்டும் சிரிக்கவில்லை.

"இதை எப்படி முன்னறிந்தீர்?" என்று அரசன் கேட்டான்.

"முன்னறியவில்லை, அரசே. ஓலையில் எழுத்தை மாற்றலாம். சாட்சியின் வாயை மாற்றலாம். குளத்தின் ஆழத்தை மாற்ற வேண்டுமானால் தோண்டத்தான் வேண்டும்."

அரசன் தன் கையாலேயே மோதிரத்தை அமைச்சருக்கு அணிவித்தான். ராயரின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தான். "எஞ்சிய பொன்னைக் கூலியாளுக்குக் கொடும். நின்றபடி சொல்லும் ஆழம் வரும்வரை நீரும் அவர்களோடு தோண்டும்." பிறகு அமைச்சரிடம், "என்ன பரிசு வேண்டும்?" என்றான்.

"அடுத்த தையில் நீரில் நின்று சொல்லும் முதல் சொல் தங்களுடையதாக இருக்க வேண்டும்."

"நானா? யாரிடம் கொடை பெற்றேன்?"

"விளைச்சலில் ஆறில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தங்கள் கையில் வைப்பவர் யார், அரசே?"

அரசன் அமைச்சரை உற்றுப் பார்த்தான். கரையில் நின்ற மக்களைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "அகப்பட்டுக்கொண்டேன்! அப்படியே ஆகட்டும்."

மறு தையில் மேலைக்குறிச்சிக் குளம் நிரம்பி வழிந்தது. பரிதிவளவன் மணிமுடியைக் கழற்றி அமைச்சரிடம் கொடுத்துவிட்டு நீரில் இறங்கினான். நடுவில் தயங்கி நின்று, பெற்றது என்ன என்று சொல்லத் தொண்டையைச் செருமினான்.

அப்போது கரையில், காய்த்துப்போன கைகளை மண்வெட்டியின்மேல் ஊன்றி நின்ற வேழவராயர் உரக்கக் கூவினார்:

"அஞ்சாமல் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள், அரசே! ஆழத்துக்கு நான் பொறுப்பு!"