விழாத ஜிமிக்கி

“வலிக்குதாம்,” என்றாள் அங்கயற்கண்ணி.

“யாருக்கு?” என்றாள் ரெஜினா மாஸ்டர்.

“என் மகளுக்கு. நான் பண்ணின ஜிமிக்கி, நான் பண்ணின கிளிப். மாட்டின கொஞ்ச நேரத்துல கழற்றி மேசையில வச்சிடுறா.”

ரெஜினா மாஸ்டர் மதுரையில் நடனக்காரர்களுக்கு அலங்காரம் செய்பவள். அவள் மாட்டிவிட்ட நகை மேடையில் கழன்றதாக யாரும் சொன்னதில்லை. ஊர் ஊராகப் பெண்கள் வந்து அவளிடம் வேலை கற்றுக்கொண்டு போனார்கள். கற்றுக்கொடுத்தாளா என்று கேட்டால் அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. நிறைய காபி போட்டார்கள் என்பது மட்டும் உறுதி.

அங்கயற்கண்ணி வயதில் அவளைவிட மிக மூத்தவள். நடன நகை செய்கிறவள். காது குத்தாதவர்களுக்கான கிளிப் ஜிமிக்கியில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்வார்கள். அதை அதிகம் சொன்னது அவள்தான்.

“என் கிளிப் விழாது மாஸ்டர். குதிச்சாலும் விழாது, குட்டிக்கரணம் போட்டாலும் விழாது.”

“கழற்றினாத்தான் விழும்போல.”

அங்கயற்கண்ணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்க வந்தவள் அல்லவா, பொறுத்துக்கொண்டாள்.

“அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். ‘தாலி கட்டுற நேரத்துல என் நெனப்பு காதுல இருக்கக் கூடாதும்மா, நான் வெறும் காதோட நிக்கிறேன்’னு சொல்றா. பொண்ணு மூளிக் காதோட மணையில உக்காந்தா சொந்தக்காரங்க வாய் சும்மா இருக்குமா?”

“காது குத்தலையா?”

“குத்தினோம். குலசாமி கோயில்ல, தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தினோம். புண்ணு ஆறாம கட்டி கட்டியா வளந்துச்சு. டாக்டர் அறுத்து எடுத்துட்டு, இனிமே இந்தக் காதுல ஊசி படக் கூடாதுன்னுட்டார். அவளுக்காகத்தான் நான் இந்த வேலையே கத்துக்கிட்டேன்.”

மாஸ்டர் ஜிமிக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கிளிப்பைத் திறந்தாள். அது எலிப்பொறியைப் போலப் பட்டென்று மூடிக்கொண்டது.

“நீங்க மாட்டிப் பார்த்தீங்களா?”

“பார்க்காம இருப்பேனா? எனக்கு ஒண்ணும் வலிக்கலையே.”

மாஸ்டர் அவள் காதைப் பார்த்தாள். கைக்குழந்தையிலேயே குத்தி, தோடும் தொங்கட்டானும் சுமந்து சுமந்து மரத்துப்போன காது.

“கையை நீட்டுங்க.”

நீட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சதையில் மாஸ்டர் அந்தக் கிளிப்பை மாட்டினாள்.

“போய் காபி போடுங்க.”

காபி வந்தது. ஜிமிக்கி டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது.

“யார் கழற்றச் சொன்னா?”

“யாரும் சொல்லலை. பால் பொங்குறதுக்குள்ள கை தானா கழற்றிடுச்சு.”

“மாட்டினதும் வலிக்குதான்னு நான் கேட்டிருந்தா?”

அங்கயற்கண்ணி யோசித்தாள். “இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்.”

மாஸ்டர் காபியைக் குடித்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கிளிப்பும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான்.

“இனிமே யாரையும் கேட்காதீங்க. கையைப் பாருங்க,” என்றாள்.

*

சில நாள் கழித்து அங்கயற்கண்ணி துள்ளிக்கொண்டு வந்தாள்.

“மெத்தை வச்சுட்டேன் மாஸ்டர்! மெத்துனு ரப்பர், அதுக்கு மேல பட்டுத்துணி. குழந்தைத் தொட்டில் தோத்துப்போகும்.”

“மகள் என்ன சொன்னா?”

“மாட்டினதும் நல்லா இருக்குன்னா.”

“கை?”

அங்கயற்கண்ணியின் துள்ளல் நின்றது. “முன்னைவிட சீக்கிரமா கழற்றிடுச்சு.”

மாஸ்டர் பாதி திறந்திருந்த கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு தலையணையைச் செருகினாள். “இப்போ கதவைச் சாத்துங்க.”

அங்கயற்கண்ணி சாத்திப் பார்த்தாள். தள்ளினாள். தோளைக் கொடுத்து முட்டினாள். தலையணை பிதுங்கியது. கதவு முன்னைவிட முறுக்கிக்கொண்டு நின்றது.

“மெத்தை நல்ல மெத்தைதான்,” என்றாள் மாஸ்டர்.

அங்கயற்கண்ணி கதவை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். ரப்பர் வைத்தால் கிளிப்பின் வாய் அகலும். வாய் அகன்றால் அதன் ஸ்பிரிங் வில் இன்னும் விறைக்கும். இது வேலை கற்ற முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததையே மறந்துபோனதற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

“வில்லை இவ்வளவு இறுக்கமா ஏன் வளைக்கிறீங்க?”

“விழக் கூடாதே!”

“விழுந்தா?”

அங்கயற்கண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஒரு தடவை விழுந்துச்சு மாஸ்டர். அவ சின்னப் பிள்ளையில, பள்ளிக்கூட ஆண்டுவிழாவுல ஆடிக்கிட்டிருக்கும்போது. கடையில வாங்கின கிளிப். கழன்று உருண்டு மேடையை விட்டே கீழ விழுந்துச்சு. என் நாத்தனார் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. ‘மூளிக் காதுக்கு ஜிமிக்கி ஒரு கேடா’ன்னு சத்தமாச் சொன்னாங்க. நாலு பேர் சிரிச்சாங்க. பிள்ளை காதைப் பொத்திக்கிட்டு மேடையிலேயே நின்னா.”

“அன்னைக்கு இறுக்கினதா இந்த வில்?”

“அன்னைக்கு இறுக்கினதுதான். அப்பல்லாம் கழற்றணும்னாகூட நான்தான் குறடு வச்சு நெம்பி எடுப்பேன். அப்பவும் வலிக்குதான்னு கேட்பேன். இல்லம்மான்னு சொல்லுவா. இப்போ கல்யாணம்னு வந்த பிறகுதான் வாயைத் திறந்து வலிக்குதுன்னா.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருஷமும் அந்தப் பெண் பொய் சொல்லியிருக்கிறாள் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெளியே தெருக்குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது.

“ஒரு குடம் பிடிச்சுட்டு வாங்கக்கா,” என்றாள் மாஸ்டர்.

அங்கயற்கண்ணி குடத்தை எடுத்தாள்.

“இடுப்புல வைக்கக் கூடாது. கழுத்தை விரலால பிடிச்சுத் தூக்கிட்டு வரணும்.”

தெருவே பார்த்தது. பாதி வழியில் குடத்தை இறக்கினாள். மறுபடி தூக்கினாள். பிளாஸ்டிக் விளிம்பு விரல்களில் வெட்டியது. இறுக்கிப் பிடித்தால் வலித்தது, கொஞ்சம் தளர்த்தினால் நழுவியது. வாசலுக்கு வருவதற்குள் விரல்கள் சிவந்து மடங்க மறுத்தன. உள்ளுக்குள் மாஸ்டரைத் திட்டிக்கொண்டே வந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“இதைக் கொட்டிட்டு இன்னொரு குடம்,” என்றாள் மாஸ்டர். “இந்தத் தடவை உங்க இஷ்டம்.”

அங்கயற்கண்ணி இரண்டாவது குடத்தைப் பிடித்தாள். பழக்கப்படி இடுப்பில் ஏற்றினாள். கையைக் குடத்தின் கழுத்தில் சும்மா போட்டுக்கொண்டு நடந்தாள். எதிரே வந்த பூக்காரியிடம் முல்லை என்ன விலை என்று விசாரித்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

குடத்தைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

“மாஸ்டர், குடத்தை இப்போ கை தூக்கலையே.”

“அப்படியா?” என்றாள் மாஸ்டர்.

“கை சும்மா கூட வருது.”

மாஸ்டர் தன் அலங்காரப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள். அவள் தேடியது கையில் வருவதற்குள் அங்கயற்கண்ணி குடத்தை இறக்கிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாள். செருப்பை மறந்துவிட்டாள்.

மாஸ்டரின் கையில் ஒரு மாட்டல் இருந்தது. ஜிமிக்கியிலிருந்து காதுக்கு மேலாக ஏறி, கூந்தலில் போய்க் கொக்கி மாட்டிக்கொள்ளும் சின்ன முத்துச்சரம். அழகுக்குத்தான் அது என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர்.

அவள் அதை மறுபடி பெட்டியில் போட்டாள்.

*

அங்கயற்கண்ணி புது ஜிமிக்கி செய்தாள். மாட்டலைக் கெட்டியாகச் செய்தாள். கூந்தலில் அழுந்தப் பிடிக்கும்படி அதன் கொக்கியை அகலமாக்கினாள். ஜிமிக்கியின் கனம் முழுவதும் மாட்டல் வழியாகக் கூந்தலுக்குப் போனது. கிளிப்பின் வில்லைக் குறடால் கொஞ்சம் தளர்த்தினாள். தளர்த்தியதைப் பார்த்துப் பயந்து மறுபடி இறுக்கினாள். பிறகு குடத்தை நினைத்துக்கொண்டு மறுபடி தளர்த்தினாள்.

மகள் தமயந்தியிடம் எதுவும் சொல்லவில்லை. ஜிமிக்கிகளை அவள் மேசையில் வைத்துவிட்டு தோசை ஊற்றப் போய்விட்டாள்.

தமயந்தி கண்ணாடி முன்னால் நின்றாள். போட்டுப் பார்த்தாள். அதற்குள் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்துவிட்டது. காதில் ஜிமிக்கி ஆட, பேசிக்கொண்டே அடுக்களைக்கு வந்தாள்.

வலிக்குதா என்ற கேள்வி அங்கயற்கண்ணியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சட்னியோடு சேர்த்து விழுங்கினாள். மகளின் கையைப் பார்த்தாள்.

போனைப் பிடிக்காத கை தோசையைப் பிய்த்தது. மின்விசிறி சுவிட்சைத் தட்டியது. முன்நெற்றி முடியை ஒதுக்கியது. எதையோ கேட்டுச் சிரித்து வாயைப் பொத்தியது. எங்கெங்கோ போன கை காதுக்கு மட்டும் போகவில்லை.

போனை வைத்துவிட்டுத் தமயந்தி கேட்டாள். “ஏம்மா என் கையையே பார்க்கிற?”

“மருதாணி எங்க வைக்கலாம்னு பார்த்தேன்.”

“அந்தப் புது ஜிமிக்கி எங்கம்மா, மேசையில இருந்துச்சே?”

அங்கயற்கண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, தோசையும் தீய்ந்துவிட்டது.

*

கல்யாணத்தன்று காலையில் ரெஜினா மாஸ்டர்தான் மணப்பெண்ணுக்கு அலங்காரம். பூ வைத்து, மாட்டலைக் கூந்தலில் மாட்டி, ஜிமிக்கியைக் காதில் வைத்தாள்.

அங்கயற்கண்ணி பக்கத்தில் வந்து குனிந்தாள். அவள் இடுப்பில் ஏதோ புடைத்துக்கொண்டு தெரிந்தது.

“மாஸ்டர், சபை பெரிசா இருக்கு. ஒரே ஒரு அழுத்து அழுத்தி இறுக்கிடட்டுமா?”

“இடுப்புல என்னக்கா?”

“குறடு.”

“கல்யாணத்துக்கா?”

“சும்மா, ஒரு தைரியத்துக்கு.”

மாஸ்டர் சிரித்தாள். வாங்கி வைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

முகூர்த்தம் வந்தது. எல்லோருக்கும் அட்சதை கொடுத்தார்கள். அங்கயற்கண்ணி வலது கை நிறைய வாங்கிக்கொண்டாள். நாத்தனார் அவளை ஒட்டி வந்து நின்றாள். அந்த அம்மாளின் பார்வை நேராக மணப்பெண்ணின் காதுக்குத்தான் போனது.

மேளம் உச்சத்துக்கு ஏறியது. தாலி கட்டிக்கொள்ளத் தமயந்தி குனிந்தாள்.

இடது காதின் கிளிப் நழுவியது.

ஜிமிக்கி தரையில் விழவில்லை. மாட்டலில் தொங்கிக் கன்னத்தோரம் ஆடியது.

அங்கயற்கண்ணியின் கை தானாகக் குறட்டைத் தேடி இடுப்புக்குப் போனது. கைக்குள் அட்சதை இருந்ததால் குறட்டைப் பிடிக்க முடியவில்லை. மூடிய கை இடுப்பிலேயே நின்றது.

மூன்றாவது முடிச்சும் விழுந்தது. தமயந்தி நிமிர்ந்தாள். நிமிரும்போதே இரண்டு விரலால் ஜிமிக்கியை எடுத்து, காதில் வைத்து, லேசாக அழுத்தினாள். அவள் பார்வை மாப்பிள்ளையின் முகத்தை விட்டு நகரவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை.

குறடு இல்லாமல், அம்மா இல்லாமல், கழன்ற ஜிமிக்கியை அவள் தானாக எடுத்து மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நாத்தனார் அங்கயற்கண்ணியின் காதருகே வந்தாள்.

“ஏ அங்கயற்கண்ணி, ஜிமிக்கி விழுந்துச்சோ?”

“ஆமா மதினி, விழுந்துச்சு,” என்றாள் அங்கயற்கண்ணி. மேளத்தையும் மீறி நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னாள். “அவளே மாட்டிக்கிட்டா.”

நாத்தனார் மணப்பெண்ணின் காதை மறுபடி எட்டிப் பார்த்தாள்.

பின்னாலிருந்து ரெஜினா மாஸ்டரின் குரல் கேட்டது.

“அக்கா, கை.”

அங்கயற்கண்ணி குனிந்து பார்த்தாள். எல்லோரும் எப்போதோ தூவி முடித்திருந்தார்கள். அவளுடைய அட்சதை ஒரு மணிகூடக் குறையாமல் இறுகிய உள்ளங்கைக்குள் இருந்தது.

விரல்களை விரித்தாள்.