ரவுட்டர் ஏன் கண்ணை மூடுவதில்லை

பெட்டிகளுக்கும் வாய் இருந்த காலம் அது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அதில் ஒரு பெரிய வீடு, அதன் பின்னால் மகன் கட்டிய மாடி வீடு, கோடியில் மாட்டுக் கொட்டகை. மூன்றையும் பெரிய வீட்டு ரவுட்டர்தான் கட்டி மேய்த்தது.

வீட்டுக்காரி தெய்வானை எதையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அந்தப் பேருக்கு எந்த எண் என்று பார்த்து, அந்த எண்ணில் போய்க் கதவைத் தட்டுவது ரவுட்டரின் வேலை. எண்ணை அவரவரே எடுத்துக்கொள்வார்கள். கரண்டு போய் வந்தால் போதும், டிவி, மோட்டார், கேமரா எல்லாம் எண் பிடிக்க அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவரும். பஞ்சாயத்துப் பேசிப் பேசியே ரவுட்டருக்கு உயிர் போயிற்று.

ஒரு நாள் மத்தியானமும் அப்படித்தான்.

"பத்தாம் நம்பரு என்னுதுங்க. மோட்டாரு எடுத்துக்கிச்சு," என்றது கொட்டகைக் கேமரா.

"முன்னாடி வந்தவனுக்குத்தானுங்க," என்றது கிணற்று மோட்டார்.

"அட, ரெண்டு பேருமே பத்தை வச்சுக்குங்க. என்னைய வுட்ருங்க," என்று ரவுட்டர் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு உறையில் ரெண்டு கத்தி இருக்காது என்று தெரியாத பெட்டியா அது? தெரியும். அசதி.

கொட்டகையில் சினை மாட்டுக்கு நாள் நெருங்கியிருந்தது. தெய்வானைக்குக் காலில் மாவுக்கட்டு. வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கேமராவில் மாடு புரள்வதைக் கண்டால் பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பனைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். செல்லில் கொட்டகையைக் கேட்டாள். கேள்வி பத்துக்குப் போனது. கிட்டத்தில் இருந்த மோட்டார் முந்திக்கொண்டு, "என்னங்க?" என்றது. படம் வரவில்லை. அங்கே இன்னும் கரண்டு வரவில்லையாக்கும் என்று அவள் காத்திருந்தாள்.

கன்றின் பின்னங்கால் முதலில் வருவதைப் பார்த்துக் கேமரா கத்தித் தீர்த்தது. கேட்க வேண்டிய ரவுட்டர் தூங்கிக்கொண்டிருந்தது.

மாட்டின் கதறல் கேட்டுச் சென்னியப்பன் தானாகவே ஓடிவந்தார். மாடு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

தெய்வானை சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு ரவுட்டர் முன்னால் வந்து நின்றாள். திட்டவில்லை. "ஒரு வாட்டி காட்டியிருக்கக் கூடாதா, சாமி?" என்றாள். அப்புறம் ரவுட்டர் வாய் திறக்கவே இல்லை.

அந்த நாள் தொட்டுத்தான், கரண்டு வந்ததும் எல்லாப் பெட்டிகளும் ரவுட்டரிடம் போய் நின்று எண் கேட்டு வாங்குகின்றன. ஒருவருக்குக் கொடுத்ததை அது இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. எவ்வளவு அசதியானாலும் தூங்குவதும் இல்லை. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி விழித்துக்கொண்டே இருக்கிறது.